கேஜுக்கு வைத்த பொட்டு

பொட்டு வைக்காமல் எந்த மிஷினையும் சகுந்தலா ஓட விட்டதில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பெரிய கிரைண்டர் ஒன்று இருக்கிறது. காலையில் வந்ததும் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, "தாயே மாரியம்மா, இன்னைக்கும் நல்லபடியா ஓடணும்" என்று கும்பிட்ட பிறகுதான் மாவுக்கு ஊறவைத்ததை அதில் கொட்டுவாள். கேஸ் அடுப்புக்கு ஒரு பொட்டு, தண்ணீர் மோட்டார்ப் பெட்டிக்கு ஒரு பொட்டு. வெள்ளிக்கிழமையானால் பள்ளிக்கூட மணிக்கும் உண்டு. கூட வேலை செய்கிற வெங்கடம்மா கேலி செய்வாள்.

"ஏ சகுந்தலா, நானுங்கூட காலைலருந்து ஓடிகினேதான் கீறேன். எனக்கும் ஒண்ணு வெய்யி."

சகுந்தலா சிரித்துக்கொண்டே அவள் நெற்றியிலும் ஒன்றை அழுத்திவிட்டுப் போவாள்.

பிறந்த வீட்டிலிருந்து வந்த பழக்கம் அது. மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டின லைன் வீட்டில் பிறந்தவள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவள் அப்பா ஷிஃப்ட் போவார். ஆளை ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்கு, அதுதான் கேஜ், ஆயுத பூஜை அன்றைக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டு வருவார். "நம்ம உயிரத் தூக்கிகினு போற சாமான். அத்த சும்மா வுடக் கூடாது" என்பார். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்னது மட்டும் மகளோடு சமையலறைக்கு வந்துவிட்டது.

அஞ்சாவதோடு அவள் படிப்பு நின்றது. அம்மா படுத்த படுக்கையானதும், தம்பி தங்கைக்குச் சோறு ஆக்க ஆள் வேண்டியிருந்தது. அதை அவள் குறையாக யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குப் பிடித்த கரண்டி இன்றைக்கும் சோறு போடுகிறது என்பாள். ஆறுமுகத்துக்கு வாழ்க்கைப்பட்டு, ரூபா என்று ஒரே பெண். ஆறுமுகம் விடியற்கால ரயிலில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போய், பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றுவிட்டு வருகிறவர். சகுந்தலாவுக்கு ராபர்ட்சன்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் பிசியூட்டா சமையல். மத்தியானச் சோற்றை ஊரில் எல்லாரும் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்தக் கோடை லீவில் அதே பள்ளிக்கூடத்து ஹாலில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு முகாம் நடந்தது. நடத்தியவர் லூயிசா மிஸ். இந்த ஊர்க்காரர்தான். எஞ்சினியரிங் படித்து, பெங்களூரில் லிஃப்ட் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு மாத லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முகாம் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க சகுந்தலாவைக் கேட்டபோது அவள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"மிஸ், எங்க ரூபா பத்தாவது எழுதிட்டு சும்மா கீது. கூட்டிகினு வரலாமா?"

"இன்னா இப்டி கேக்கறீங்க? பொண்ணுங்க வரணும்னுதானக்கா நான் லீவு போட்டுட்டு வந்துகீறேன்!"

முதல் நாளே மிஸ் ஒரு சாக்கு மூட்டையை ஹால் நடுவில் கவிழ்த்தார். கெட்டுப்போன மிக்ஸி, அயன் பாக்ஸ், ஃபேன் என்று தடதடவென்று விழுந்தன.

"உங்க வூட்ல மிக்ஸி நின்னுபோச்சின்னா யாரு கழட்டிப் பாக்கறது?"

"அப்பா!" "எங்க மாமா!" "அண்ணன்!"

"கழட்டினத மறுபடியும் மாட்டுவாங்களா?"

"எங்க அண்ணன் மாட்டுவான் மிஸ். ஆனா ஸ்க்ரூ மிஞ்சிப்போவும்" என்றது ஒரு குட்டிப் பெண். ஹாலே சிரித்தது.

மிஸ் ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தார். "இன்னைக்கு நீங்கதான் அண்ணன். கழட்டுங்க."

சோறு பரிமாறுகிற ஜன்னல் வழியாக சகுந்தலா பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ரூபா அயன் பாக்ஸைத் தொட்டாலே ஆறுமுகம் அதட்டுவார். இங்கே அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கிக்கொண்டிருந்தாள். தாளிக்கிறவள் கடுகு, உளுந்து, மிளகாய் என்று எட்டும்படி எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது தாய்க்கு.

நாளுக்கொன்று செய்தார்கள். பேப்பரை மடித்துப் பாலம் கட்டி அதன் மேல் கல் வைத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் காற்றும் அடைத்து ராக்கெட் விட்டார்கள். அது பக்கத்து முனீஸ்வரன் கோயில் தகரத்தின் மேல் டமாரென்று விழ, வெங்கடம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாடி இது, சாமி மேலயே ராக்கெட் வுடறீங்க!" சகுந்தலா ஒரு கட்டி சூடம் எடுத்துப் போய் முனீஸ்வரனுக்கு ஏற்றிவிட்டு, "கொழந்தைங்க, தெரியாம பண்ணிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு மிஸ் ஒரு வேலை கொடுத்தார். எதையாவது தூக்குகிற ஒரு சாமானை அவரவரே யோசித்துச் செய்ய வேண்டும். முகாமின் கடைசி நாள் வீட்டாரெல்லாம் வந்து பார்ப்பார்கள். சிலர் கிணற்று ராட்டினம் செய்தார்கள், சிலர் கிரேன். ரூபா கேஜ் செய்தாள். ஐஸ் குச்சிகளை ஒட்டிக் கோபுரம், உச்சியில் பாட்டில் மூடியில் சக்கரம், நூல்கண்டுக் கட்டையில் சுற்றின கயிறு, தீப்பெட்டிக் கூண்டு. உடைந்த பொம்மைக் காரின் மோட்டாரை மாட்டினபோது கூண்டு பட்டாசு மாதிரி மேலே பாய்ந்து கோபுரத்தையே சாய்த்துவிட்டது. சின்னச் சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்கு ரப்பர் பேண்டு போட்டால் வேகம் குறையும் என்று அவளே செய்து பார்த்துக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் சோறு சாப்பிட வரவேயில்லை. ஜன்னல் வழியே தட்டை நீட்டி, "ஒரு வா தின்னுட்டுப் போடி" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

சுவிட்சும் அவள் கைவேலைதான். டப்பா மூடியிலிருந்து வெட்டின ஒரு தகரப் பட்டை. அதை விரலால் அழுத்தினால் கீழே குத்தியிருக்கும் பித்தளைப் பின்னின் தலையில் போய்த் தொடும். தொட்டால் கரண்ட் போகும், கூண்டு ஏறும். விட்டால் நிற்கும்.

"இந்த எடத்துலதாம்மா எல்லாமே கீது" என்று அம்மாவுக்கு அழுத்திக் காட்டினாள்.

சகுந்தலா அதைக் கவனமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே ஆறுமுகம் சொன்னார்: "தாமோதரன் அண்ணன்கிட்ட பேசிட்டேன். ஜூன்லருந்து ரூபா கடைக்கு வரும்னு."

தாமோதரனுக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஃபேன்சி ஸ்டோர். வளையல், பொட்டு, ரிப்பன் எல்லாம் கிடைக்கும். நல்ல மனிதர். பெண்பிள்ளைகளைக் கண்ணியமாக நடத்துகிறவர்.

ரூபா தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "நான் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேரணும்ப்பா."

"அங்க பூரா ஆம்பளப் பசங்க."

"நானும் போனா பூரா ஆம்பளப் பசங்கன்னு சொல்ல முடியாதுல்ல?"

ஆறுமுகத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "இன்னா பேச்சு பேசுது பாரு. ரூபா, நான் தினமும் கேட்டுல நின்னுகினு பாக்கறேன். கழுத்துல கார்டு மாட்டிகினு எத்தினியோ பொண்ணுங்க உள்ள போவுது. அவங்க வேற, நாம வேற. பாதில வுட்டுட்டு வந்தா ஊரு சிரிக்கும். கடைன்னா பக்கத்துல கீது. ரயில்ல இடிபட வேணாம்."

"இன்னாங்க, அது செஞ்ச கேஜ ஒரு வாட்டி வந்து பாருங்களேன்" என்றாள் சகுந்தலா. கணவர் பேச்சுக்கு நடுவில் அவள் பேசுவது அபூர்வம்.

ஆறுமுகம் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "சரி, வரேன். அந்தப் பொம்ம ஓடுச்சின்னா பாலிடெக்னிக் பேச்சப் பேசலாம். ஓடலன்னா கடைக்குப் போவணும். அப்புறம் அழக் கூடாது."

"ஓடும்ப்பா."

அன்றிலிருந்து சகுந்தலாவுக்குக் கடுகு வெடித்தாலும் திடுக்கிட்டது. ஆறுமுகம் சொன்ன சொல் மாற மாட்டார். எதிர்த்து வாதாட அவளுக்குப் படிப்பும் இல்லை, பழக்கமும் இல்லை. மகளுக்காகத் தன்னால் ஆகக்கூடியது என்ன என்று யோசித்தபோது அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

கடைசி நாள் காலையில், ஹாலைப் பெருக்குகிற சாக்கில், யாரும் வருவதற்கு முன்னே குங்குமத்தட்டோடு உள்ளே போனாள். மேசைகள் மேல் பிள்ளைகள் செய்த சாமான்கள் வரிசையாக இருந்தன. மற்ற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் அடிப்பலகையில் ஒரு பொட்டு வைத்தாள். ரூபாவின் கேஜுக்கு வந்ததும் நின்றாள். கோபுரத்தின் நாலு காலுக்கும் வைத்தாள். மனசு ஆறவில்லை. மனிதருக்கு நெற்றியில் வைக்கிறோம். கிரைண்டருக்கு முன்பக்கம் வைக்கிறோம். இதற்கு உயிர் எங்கே இருக்கிறது? அந்த இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது என்று பெண் சொன்னாளே. தகரப் பட்டையை மெதுவாகத் தூக்கினாள். பித்தளைப் பின்னின் தலை குட்டி நெற்றி மாதிரி உருண்டையாகப் பளபளத்தது. குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, பட்டையை அதன் மேல் விட்டாள்.

"அம்மா மாரியாத்தா, இத்தத் தூக்கி வுடு. எம் பொண்ண நீதான் தூக்கி வுடணும்."

வெயில் ஏறியதும் ஹால் நிரம்பிவிட்டது. ரூபா வந்து கோபுரக் காலில் இருந்த பொட்டைப் பார்த்து, ஜன்னல் பக்கம் திரும்பி அம்மாவுக்கு ஒரு சிரிப்பு சிரித்தாள். முந்தின நாள் எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்தது, இனி பார்க்க என்ன இருக்கிறது என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள். ஆறுமுகம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கூடவே தாமோதரனும் வந்திருந்தார். முகாமுக்கு ரிப்பனும் கலர் பேப்பரும் கொடுத்தவர் அவர்தான்.

கிணற்று ராட்டினம் இறைத்தது. கிரேன் ஒரு கற்பூர டப்பாவைத் தூக்கி வைத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு ரூபாவின் மேசைக்கு வந்தார்கள்.

"அட, நம்ம கேஜு!" என்றார் தாமோதரன்.

ரூபா பட்டையை அழுத்தினாள்.

கூண்டு அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள். கரண்டியும் கையுமாக நின்ற சகுந்தலா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"பேட்டரி போச்சி போல" என்றார் தாமோதரன். "வுடும்மா. நம்ம கடைக்கு வா, அங்க கல்லாப்பெட்டி தன்னால தொறக்கும்." கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். ஆறுமுகம் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லூயிசா மிஸ் கிட்டே வந்தார், ஆனால் கை வைக்கவில்லை. "இன்னா பண்ணப் போற ரூபா?"

ரூபாவின் காதுமடல் சிவந்திருந்தது. ஆனாலும் சாமானைத் தட்டவில்லை, உலுக்கவில்லை. டார்ச் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டினதை எடுத்தாள். "முதல்ல பேட்டரி பாக்கறேன் மிஸ்." ஒயரை பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தாள். பல்பு எரிந்தது. "பேட்டரி நல்லா கீது." அடுத்து வேறொரு ஒயரை எடுத்து, சுவிட்சைத் தாண்டிப் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு வைத்தாள். விர்ரென்று சக்கரம் சுற்ற, கூண்டு ஒரு சாண் ஏறியது. ஒயரை எடுத்ததும் நின்றது.

"மோட்டாரும் நல்லா கீது" என்றாள். "அப்போ நடுவுலதான் ஏதோ. சுவிட்சு."

அவள் விரல் தகரப் பட்டைக்குப் போவதைப் பார்த்த அந்த நொடியில்தான் சகுந்தலாவுக்கு விளங்கியது. கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஹாலுக்குள் ஓடி வந்தாள்.

"ரூபா, நான்தாண்டி..."

"மா, இரு. ஒரு நிமிஷம்."

பட்டையைத் தூக்கினாள். பின்னின் தலையில் சந்தனம் காய்ந்து அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம் அழியாமல் இருந்தது.

"நான்தாங்க வெச்சேன்" என்றாள் சகுந்தலா எல்லாருக்கும் பொதுவாக. கண்ணில் நீர் முட்டியது. "உயிர் கீற எடம்னு வெச்சேன். கெட்டுப்போவும்னு தெரியாது. கொழந்த மேல தப்பு இல்லிங்க."

தாமோதரன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆறுமுகம், கேட்டியா! அம்மா பூசை போட்டா பொண்ணு மிஷின் நின்னுபோச்சி!"

ரூபா நிமிர்ந்தாள். "பூசைல ஒண்ணியும் தப்பு இல்ல பெரிப்பா. சந்தனத்துல கரண்ட் போவாது, அவ்ளோதான். எங்கம்மா எடத்த சரியாதான் பாத்துகீறாங்க. சுவிட்சு எதுன்னு இங்க எத்தினி பேருக்குத் தெரியும்?"

தாவணி முனையில் தண்ணீர் தொட்டு அந்தச் சந்தனத்தைத் துடைத்தாள். உப்புத்தாளால் பின்னின் தலையை இரண்டு தேய்ப்பு தேய்த்தாள். அழுத்தினாள். தீப்பெட்டிக் கூண்டு நிதானமாக, தள்ளாடாமல், கோபுரத்தின் உச்சிக்கு ஏறி நின்றது. பேட்டரி ஒயர்களை மாற்றிப் போட்டு மறுபடி அழுத்தினாள். இறங்கியது. ஹாலில் எழுந்த சத்தத்தில் வெங்கடம்மாவின் விசில்தான் பெரிசு.

ஆறுமுகம் மட்டும் கை தட்டவில்லை. குனிந்து அந்த நூலையே பார்த்தார்.

"கவுறு அறுந்தா இன்னா ஆவும்?"

சுரங்கத்து வீடுகளில் பிறந்த யாருக்கும் அந்தக் கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை.

ரூபா யோசித்தாள். "கீழ வுழுந்துடும்ப்பா."

"வுழாம இருக்க இன்னா பண்ணுவ?"

"தெரியாது. மிஸ்ஸோட லிஃப்ட்ல ஏதோ பிடி வெப்பாங்களாம், அறுந்தா கெட்டியா புடிச்சிக்குமாம். எப்டின்னு எனக்குப் புரியல. அத்தப் படிக்கத்தாம்ப்பா போறேன்றேன்."

ஆறுமுகம் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு தாமோதரன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, ஜூனுக்கு வேற ஆள் பாத்துக்கோங்க. இது கடைல நிக்காது. நின்னாலும் உங்க கல்லாப்பெட்டியக் கழட்டிப் போட்டுடும்."

"கழட்டினா மாட்டித் தருமா?" என்றார் தாமோதரன்.

"ஸ்க்ரூ மிஞ்சாம மாட்டுவேன்" என்றாள் ரூபா.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆறுமுகம் மனைவியிடம் மெல்லச் சொன்னார். "நின்னுபோனதும் பொண்ணு அழுவும்னு நெனச்சேன் சகுந்தலா. எங்க கம்பெனில கரண்ட் கேட்டு தொறக்காட்டி உள்ளருந்து ஒரு எஞ்சினியர் வருவாரு. அவரும் இப்டிதான், ஒண்ணொண்ணா தொட்டுப் பாப்பாரு." அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் லீவு சொல்லிவிட்டு மகளைப் பாலிடெக்னிக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

சகுந்தலா முனீஸ்வரனுக்கும் மாரியம்மாளுக்கும் தேங்காய் உடைத்தாள். நிறுத்தினது நான், ஓட வைத்தது நீ என்று சாமியிடம் சொன்னாள். சமையலறையில் பொட்டு வைப்பதை விடவில்லை. ஆனால் அந்த ஜூன் மாதத்திலிருந்து ஒரு புது வழக்கம் சேர்ந்துகொண்டது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மகளைக் கேட்பாள்.

"மோட்டார் பொட்டிக்கு எங்கடி வெக்கறது?"

"மூடி மேல வெய்யிம்மா. சுவிட்சு கிட்ட மட்டும் போவாத."

மெக்கானிக்கல் வகுப்பில் அந்த வருஷம் பெண்கள் ரூபாவோடு மூன்று பேர். முதலில் இருந்த கூச்சமும் பையன்களின் கேலியும் மழைக்காலம் முடிவதற்குள் தேய்ந்துவிட்டன என்று ரூபா சொல்கிறாள். முழுக்கத் தேய்ந்ததா என்று சகுந்தலா கேட்பதில்லை. காலையில் மகள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது முகத்தைப் பார்த்தால் தாய்க்குத் தெரிந்துவிடும்.

ஆயுத பூஜை அன்றைக்கு, பள்ளிக்கூட லீவில் வெங்கடம்மா வீட்டுக்கு வந்திருந்த மத்தியானம், சகுந்தலாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் இரும்பைக் கடைகிற ஒரு பெரிய லேத் மிஷின், கழுத்தில் சாமந்தி மாலை, பக்கத்தில் சந்தனக் கையோடு ரூபா. சகுந்தலா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வெங்கடம்மாவும் எட்டிப் பார்க்க, இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினாள். மகளின் முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் மிஷினைத்தான் பார்த்தாள். பச்சை, சிவப்பு பொத்தான்கள் இருக்கிற பெட்டியில் ஒன்றுமில்லை. பொட்டு, வெகுதூரம் தள்ளி, இரும்பு உடம்பின் மேல் இருந்தது.

"சரியான எடத்துலதான் வெச்சிகீது" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பொங்கி வந்த சாம்பாரைப் பார்க்கப் போனாள்.